வலி எங்கே என்று கேட்டோம்

கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்த அன்றே நமக்குக் காது மந்தமாகிவிடுகிறது. எனக்கு ஆனது. உங்களுக்கும் ஆகும். இதைப் படித்துவிட்டு "எங்களுக்கெல்லாம் ஆகாது" என்று நினைக்கிறவர்களுக்குத்தான் முதலில் ஆகும்.

நான் பேச்சுப் பயிற்சியாளராக இருந்தவள். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கும், பேச்சு வராத பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுப்பது வேலை. பிறகு முதுகலை மாணவர்களைப் போஸ்டிங் என்கிற களப்பயிற்சியில் மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். மாணவர் நோயாளியின் எதிரில் உட்காருவார். நான் பின்னால் உட்காருவேன். அவர் எழுதுவதைத் திருத்தி, அடியில் என் பெயரைப் போடுவேன். இப்போது நீங்கள் அந்தப் பின்னால் இருக்கும் நாற்காலிக்கு வந்திருக்கிறீர்கள். மதிப்பெண் எப்படிப் போடுவது, எத்தனை மணி நேரம் கணக்குக் காட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருக்கும். நான் சொல்லப்போவது அதில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு மத்தியானம் தூங்கும் கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. திருக்கோகர்ணத்தில் என் வீட்டு ஜன்னலோரம் கட்டில். டவுன் பஸ் முக்குத் திரும்பும் சத்தத்தைக் கேட்டபடியே கண் சொருகும். அந்த அரைத் தூக்கத்தில் ஒரே அறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. மணமேல்குடியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், அதில் நீலச் சுண்ணாம்பு அடித்த அறை. சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும். வெயில் தரையில் தண்ணீர் போல ஆடும். ஒரு மனிதர் என்னைப் பார்த்து ஒரே சொல்லைச் சொல்கிறார். நான் தலையாட்டிக்கொண்டே எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்று குனிந்து பார்த்தால் தாள் ஈரமாக இருக்கிறது, எழுத்து ஒன்றும் நிற்கவில்லை. அவ்வளவுதான் கனவு. விழித்ததும் என்மேலேயே எரிச்சல் வரும். கனவில்கூட நான் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அவர் காசிம் பாய். மீன் ஏலம் விடுகிறவர். "இவுக வாயத் தொறந்தா கடசிப் போட்டுல வலை மடிக்கிறவனுக்கும் கேக்கும் மேடம்" என்று அவர் மனைவி நூர்ஜஹான் சொல்வார். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அத்தனை பெரிய குரலில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"வலி."

வாரம் ஒரு நாள், புதன்கிழமை, அந்த நீல அறையில் முகாம் நடத்துவோம். அந்த வருடம் என்னிடம் வந்த மாணவி தாரணி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். எதற்கும் ஒரு "ங்க" போடுவாள். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. எனக்கு அப்போது எல்லாமே எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய், வேர்த்து விறுவிறுத்து இறங்கி, எட்டுப் பேரைப் பார்த்துவிட்டு, திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பதிலேயே என் கண் இருக்கும்.

"எங்கீங்க வலிக்குது?" என்று தாரணி காசிம் பாயைக் கேட்டாள். "தலைங்களா? தோளுங்களா?"

அவர் அவள் கையைத் தள்ளிவிட்டார். இடது கையால் தன் நெஞ்சில் தட்டினார். "வலி."

நெஞ்சு வலி என்றால் என்ன செய்வோம்? ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். இசிஜி எடுத்தார்கள். இதயம் கடிகாரம் போல ஓடுகிறது என்றார் டாக்டர். நான் சொன்னதை நம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் நூர்ஜஹான் நெஞ்சில் தைலம் வேறு தேய்த்தார்.

அடுத்த வாரமும் அதே. "வலி." நெஞ்சில் தட்டல். தாரணி படங்களை அடுக்கினாள். "மீன் எதுங்க? தொட்டுக் காட்டுங்க." அவர் படங்களை ஒரே வீச்சில் தரையில் தள்ளினார். நான் பின்னாலிருந்து சொன்னேன்: "பூஜ்ஜியம் போடு."

"மேம், அவரு முகத்துல வலி தெரியலீங்க. நாம வலின்னு கேக்கறப்பெல்லாம் கோபம்தானுங்க வருது."

"பாதி முகம் செத்துக் கிடக்கு. அதுல என்ன தெரியும் ஒனக்கு? எழுது."

அவள் எழுதினாள். "வலி என்று கூறுகிறார்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டாள். நான் நோட்டை வாங்கி, சிவப்பு மையால் அந்தக் கேள்விக்குறியை அடித்தேன். அறிக்கையில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்.

அன்றைக்குத்தான் காசிம் பாயின் தம்பி ஜமால் வந்தார். "ஜமாத்துல கேக்குறாக மேடம். அண்ணனுக்கு வெவரம் இருக்கா, நம்ம சொல்றது புரியுதான்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க." ஏதோ உதவிக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சொல்வதைப் புரிந்துகொள்ளும் திறன் மிகக் குறைவு. தனக்கு வலி எங்கே இருக்கிறது என்பதைக்கூடக் காட்ட இயலவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். காசிம் பாய் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அந்த மத்தியானத்தில் அவருடைய கண் மட்டும்தான் விழித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் அது யார் கைக்குப் போகிறது, அங்கே போய் என்ன செய்யப்போகிறது என்று கேளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் கையெழுத்துப் போடவும் நேரமில்லை என்று எழுந்து போங்கள்.

அடுத்த புதன்கிழமை நூர்ஜஹான் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். மகள் ஷாஹினாவுக்கு நிக்காஹ். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு.

"கட்டாயம் வரணும் மேடம். பாப்பா, நீயும் வாம்மா. இவுகளுக்கு முடியாமப் போச்சுல்ல, அதனால ஷாஹினாவுக்கு அவ சின்னத்தா ஜமாலே வலியா நின்னு குடுக்குறாக."

தாரணியின் கையில் இருந்த படம் கீழே விழுந்தது.

"வலியான்னா என்னங்கம்மா?"

"பொண்ணுக்குப் பொறுப்பா நின்னு, தந்தேன்னு வாயால சொல்லிக் குடுக்கணும்ல. அவுகதான் வலி. பெத்த அத்தா இருந்தா அத்தா. அத்தாவுக்கு வெவரமில்லன்னா சின்னத்தா. ஒங்க பேப்பர்லதான் வெவரமில்லன்னு போட்டுருக்கே." சொல்லி முடிக்கும்போது நூர்ஜஹானின் குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. "அல்லா... நான் தைலம்ல தேச்சேன்!"

தாரணி காசிம் பாயின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நீங்கதான் வலி. அதைத்தானுங்க இத்தனை நாளாச் சொன்னீங்க?"

அவர் அழவில்லை. மனைவியின் பைக்குள் இடது கையை விட்டு, வலி மாத்திரை அட்டையை எடுத்து என்மேல் வீசினார். தோளில் பட்டு விழுந்தது. சரியான இடத்துக்குத்தான் வீசினார். பேச்சு முழுக்கப் போன ஒரு மனிதரிடம் மிஞ்சிய ஒரே சொல்லை நாங்கள் மாத்திரை கொடுத்து அமுக்கப் பார்த்திருக்கிறோம்.

திரும்பும் பஸ்ஸில் தாரணி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு ஓடியது. வெயிலில் தூரத்து நிலமெல்லாம் நீர் கட்டி நிற்பது போலத் தெரிந்தது. கிட்டே போனால் காணாமல் போய், மறுபடி தூரத்தில் நின்றது. நான் பாதி விழிப்பில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குறிப்பெல்லாம் அவள் கையெழுத்து. மாணவி தவறாகப் புரிந்துகொண்டாள், மேற்பார்வையாளர் பின்னர் கண்டுபிடித்துத் திருத்தினார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவளும் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு மதிப்பெண் போடுகிறவள் நான்தானே.

இந்த ஆசை எனக்கு வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் வரும். என்னைத் தடுத்தது நல்ல மனசு ஒன்றும் இல்லை. அந்த வரிகளை எந்தத் தேதிக்குக் கீழே சேர்க்கலாம் என்று பார்க்கத்தான் அவள் நோட்டை வாங்கிப் பிரித்தேன். அங்கே என் சிவப்பு மை இருந்தது. கேள்விக்குறியின் கழுத்தை அறுத்த மாதிரி ஒரு கோடு.

மறுநாளே காசிம் பாயையும் கூட்டிக்கொண்டு ஜமாத்துக்குப் போனோம். எங்கள் துறைத் தலைவர் போனில் கத்தினார். "கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திரும்ப வாங்கினா நம்ம பேரு என்ன ஆகும்?" என்றார். "காசிம் பாய் பேரு என்ன ஆகும்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் ஒல்லியான மனிதர். என் புதுக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். ஜமாலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"போன வாரம் வெவரமில்லன்னு எழுதுனீக. இந்த வாரம் இருக்குன்னு எழுதுறீக. அடுத்த வாரம் என்ன மேடம் எழுதுவீக?"

"போன வாரம் எழுதுனது தப்பு. அந்தத் தப்பு என்னுது, இந்தப் பொண்ணுது இல்ல. என் பேப்பர் ரெண்டையும் தூக்கி அங்கிட்டுப் போடுங்க. அவரையே கேளுங்க."

ஹஜ்ரத் காசிம் பாய் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்கு ஊரு தொண்டிதானே?"

காசிம் பாய் தலையை இல்லை என்று ஆட்டினார்.

"கோட்டப்பட்டினம்?"

ஆமாம்.

"ஷாஹினா ஒங்களுக்கு ரெண்டாவது பொண்ணு?"

இல்லை. ஒரே விரலை நிமிர்த்திக் காட்டினார்.

"போன வருசம் ஏலத்துல எனக்கு ஒரு வஞ்சிர மீனு குடுத்தீகளே, நல்ல மீனா அது?"

காசிம் பாய் கூரையைப் பார்த்தார். இழுத்த வாயோடு சிரித்தார். ஹஜ்ரத்தும் சிரித்தார். "வெவரம் எனக்கு இருக்குறதவிடக் கூடவே இருக்கு. வாய் பேச வராதவுகளுக்குச் சைகை போதும். தலையாட்டுனாலே குடுத்த மாதிரிதான்."

பிரச்சினை முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். காசிம் பாய் நெஞ்சில் தட்டினார். பிறகு வாயில் தட்டினார். இரண்டு முறை.

"தலையாட்ட மாட்டாராம்" என்றார் ஜமால். "வாயாலதான் குடுப்பாராம். குடுக்கட்டும். எனக்கு மட்டும் அண்ணன் எடத்துல போயி உக்கார ஆசையா என்ன?"

மீதம் இருந்தது ஒன்பது நாள். ஒரே ஒரு சொல் வேண்டும். "தந்தேன்."

தாரணி தினமும் போனாள். நான் முடிந்த நாளெல்லாம் போனேன். பின்னால் உட்காரவில்லை, பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் கடல். எங்கள் பக்கத்துக் கடலுக்கு அலை கிடையாது. குளம் போலக் கிடக்கும். பிற்பகலில் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படகுகள் ஆகாயத்தில் கட்டிப்போட்டது போல நிற்கும். அந்தப் பக்கம் பார்த்தபடியே காசிம் பாய் வாயைத் திறப்பார். மூச்சு வரும். உதடு நடுங்கும். சொல் வராது. மூன்றாம் நாள் "வந்தேன்" என்று வந்தது. நான்காம் நாள் அதுவும் போய், மறுபடி "வலி" மட்டும் நின்றது.

ஐந்தாம் நாள் ஷாஹினா உள்ளேயிருந்து வந்தாள். கல்யாணச் சட்டைக்கு அளவு பார்த்துக் குத்திய ஊசியெல்லாம் சட்டைக் கையில் அப்படியே இருந்தது. "அக்கா, அத்தா ஏலம் விடுறப்ப கடசியில என்ன சொல்லும் தெரியுமா? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு சொல்லிட்டுத்தான் குடுக்கும். அதச் சொல்லச் சொல்லிப் பாருங்க."

"ஏட்டி, ஒன்னய ஏலத்துலயா விடச் சொல்ற?" என்று நூர்ஜஹான் அதட்டினார்.

"நல்ல வெலைக்குப் போனா சரிதாம்மா."

எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வரி, பேச்சு போன பிறகும் தானாக வரும் என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏலக்காரரிடம் ஏலத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மீன் படத்தைக் காட்டினேன்.

தாரணி தொடங்கினாள். "ஒரு தரம்..." காசிம் பாயின் முதுகு நிமிர்ந்தது. "ரெண்டு தரம்" என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. கொடிக் கம்பியில் இருந்த காக்கை பறந்தது. "மூணு தரம்!" அந்த வேகத்திலேயே, சறுக்கி விழுவது போல, "தந்தேன்."

ஷாஹினா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பிறகு, ஏலத்தைச் சத்தமில்லாமல் சொல்ல வேண்டும் என்று பழக்கினோம். நல்ல கையை மடியில் வைத்து ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் மடக்க வேண்டும். வாயில் கடைசிச் சொல் மட்டும். பத்துக்கு ஆறு முறை வந்தது. நிக்காஹ் நடக்கும் இடத்தில் எத்தனை முறை வரும் என்று எவளுக்குத் தெரியும்? வராவிட்டால் தலையாட்டுவதாக ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் பச்சைத் திரை. எங்களுக்குக் காது மட்டும்தான். ஷாஹினா எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மல்லிகையும் பிரியாணியும் அத்தரும் கலந்து மயக்கமாக ஒரு வாசனை. திரை காற்றில் உப்பி உள்ளே வந்தது, அடங்கியது. எனக்கு அது மூச்சு விடுவது போலவே இருந்தது. ஹஜ்ரத்தின் குரல் ஓதி முடித்துத் தமிழில் கேட்டது.

"காசிம் பாய், ஒங்க மக ஷாஹினாவ இந்த மாப்பிள்ளைக்கு நிக்காஹ் செஞ்சு தந்தீகளா?"

சத்தமே இல்லை. தாரணி முன்னால் சாய்ந்தாள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க அவள் உதடு துடித்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எடுத்துக் கொடுத்தால் அது அவர் கொடுத்ததாகாது.

"வலி" என்றது காசிம் பாயின் குரல்.

வெளியூர் ஆள் யாரோ பதறினார். "பாய்க்கு வலிக்குதாம்ப்பா! சாய்வா உக்கார வைங்க, தண்ணி குடுங்க!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஆள் வேறு யாருமில்லை, நான்தான் என்று இருந்தது.

மணப்பெண் தலையில் இருந்த துணியை விலக்கித் திரையைப் பார்த்துக் கத்தினாள். "வலிக்கல! எங்க அத்தாதான் வலி!"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஒரு கிழவி அவள் தலையில் குட்டினார். அந்தப் பக்கமும் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஹஜ்ரத் அவசரப்படவில்லை. "நீங்கதான் வலி. யாரு இல்லன்னா? தந்தீகளா?"

"வந்தேன்."

"வந்தீக, சந்தோசம். தந்தீகளா?"

திரை உப்பியது. என் பக்கத்தில் தாரணி மடியில் கையை வைத்து ஒரு விரலை மடக்கினாள். திரை அடங்கியது. இரண்டாவது விரல். முன்னால் இருந்த ஷாஹினாவின் மருதாணிக் கையும் மடங்குவதைப் பார்த்தேன். மூன்றாவது விரல்.

"தந்தேன்."

கடைசிப் படகில் வலை மடிக்கிறவனுக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு அவருக்குப் பேச்சு பெரிதாகத் திரும்பவில்லை. ஒரு இருபது சொல் வந்தது. ஏலத்துக்கு ஜமால்தான் போனார். இதையும் சொல்ல வேண்டும், நாங்கள் ஒன்றும் அதிசயம் செய்துவிடவில்லை.

நிக்காஹ் முடிந்து அன்று திரும்பும் பஸ்ஸில் தாரணி தூங்கிவிட்டாள். அவள் மடியிலிருந்த நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பஸ் குலுங்கியது. கோணல்மாணலாக, என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், அவள் போட்டிருந்த அதே கேள்விக்குறியைத் திரும்பப் போட்டேன். மாணவர் நோட்டுகளில் நான் செய்த திருத்தங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.